ஒரே கை

ஊர்ப் பன்றிகளின் காதுகள் எங்கள் வீட்டில்தான் இருந்தன.
இடக்காதில் நேர்வெட்டு என்றால் டீக்கன் ட்ரஸ்கட்டின் பன்றி.
வலக்காதில் அரைக்காசு அளவு பிறை என்றால்
விதவை லூமிஸுடையது.
வேலி தாண்டிய மாடு, ஊர்க்கூட்டத்துச் சண்டை,
யார் யாரை மணந்தார், எந்த ஓடை வரை உழலாம்,
எல்லாம் கன்றுத்தோல் போர்த்திய ஒரே புத்தகத்தில்.
எழுதியவர் என் அப்பா,
ஈலியேசர் வாடம்ஸ், எல்ம்ஸ்பரி ஊரின் கணக்கர்.
ஆண்டுக்கு இரண்டு பவுன் சம்பளம்,
அதிலும் பாதி மக்காச்சோளமாக வரும்.

மாசிக்காயை இடித்து, துருவேறிய ஆணிகளோடு
மழைநீரில் ஊறவைத்து அம்மா மை செய்வாள்.
எழுதும்போது வெளிறிக் கிடக்கும்.
மறுநாள்தான் கறுக்கும்.

தொண்டையடைப்பான் வந்த குளிர்காலத்தில்
அசஹேல் திங்கள், ஜோதம் வியாழன்,
சின்னவன் ஓபெட் ஞாயிறு, பிரசங்கம் நடக்கையில்.
மூவரையும் அப்பாவே பதிந்தார்.
அதே அளவு எழுத்து, அதே இடைவெளி.
நாலாவது வரியில்
காணாமற்போன செம்மறி ஒன்று.
"இது ஊர்ப் புத்தகம், மெஹிட்டபல்" என்றார்,
அம்மா ஒன்றும் கேட்காமலே.

பனி உருகியபோது கை நடுங்கத் தொடங்கியது.
முதலில் கஞ்சிக் கரண்டி, பிறகு சவரக்கத்தி,
பிறகு இறகுப்பேனா.
மையில் மிதித்த வாத்துக்குஞ்சு
பக்கத்தின் குறுக்கே நடந்துபோனதுபோல்
யாரோ இருவரின் கல்யாணம்.
அப்பா கதவைத் தாழிட்டார்.
புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

என் பெயர் சப்மிட்.
அடங்கி இரு என்று வைத்த பெயர்.
பணிவையும் புதைகுழியையும்
அடக்கம் என்ற ஒரே சொல்லில் வைத்த மொழி
உலகில் எங்காவது இருக்கக்கூடும்.
எனக்கு அன்றைக்கு இரண்டும் கைவந்தன.

பதினொரு வருடம்.
கூட்டத்தில் கையைக் கோட்டுப் பையில் திணித்தபடி
அப்பா தலையாட்டிக் கேட்பார்.
இரவில் அவர் சொல்லச் சொல்ல
அவர் கையாக எழுதுவேன்.
அவர் இழுக்கும் நீண்ட வால்கள்,
தேதிக்குப் பின்னால் அவர் வைக்கும்
தேவையே இல்லாத புள்ளி.
எனக்கு இரண்டு முறை வரன் வந்தது.
இரண்டு முறையும் அப்பா இருமினார்.
நான் விளக்கை ஏற்றினேன்.

டீக்கன் வீட்டு அடிமை ஃபிபாவுக்குப் பிள்ளை பிறந்தது.
"ட்ரஸ்கட்டின் உடைமை, ஆண், ஒன்று.
கால்நடைப் பக்கத்தில் போடு" என்றார்.
நான் எழுதியது:
குவாஷ், ஃபிபாவின் மகன், மார்ச் ஒன்பது.
பிறப்புகள் பக்கத்தில்,
டீக்கனின் பேத்திக்கு மேல்வரியில்.
விளக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் படித்தார்.
"என் கை இப்படி எழுதாது."
ஆனால் கிழிக்கவில்லை.

குவாஷுக்கு ஏழு வயதானபோது
நியூ லண்டன் துறைமுகத்தில் விற்றார்கள்.
அந்த விற்பனைச் சீட்டையும் நான்தான் பதிந்தேன்.
அழகாகவே எழுதினேன்.
வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

அக்டோபரில் அப்பா போனார்.
அடுத்த கணக்கரைத் தேர்ந்தெடுக்க நான்கு நாள் இருந்தது.
அம்மா மைக்கூட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு
ரொட்டி அடுப்பைப் பார்க்கப் போனாள்.
ஈலியேசர் வாடம்ஸ், இவ்வூரின் கணக்கர், இறந்தார்.
நாள், மாதம், வருடம்.
பிறகு அந்தப் புள்ளி.

புத்தகத்தை வாங்க வந்த புதியவர்
கடைசிப் பக்கத்தை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார்.
"கடைசிவரை நடுக்கமே இல்லை, பாருங்கள்."
கூட வந்த ஆண்கள் ஆமாம் என்றார்கள்.
செத்தவர் தன் சாவை எழுதியிருப்பது
ஒருவர் கண்ணிலும் படவில்லை.
நான் அவர்களுக்கு ஆப்பிள் மது ஊற்றிக்கொண்டிருந்தேன்,
வீட்டுக்குள்ளேயே
கையுறை போட்டுக்கொண்டு.